நாய் நடக்க மறுத்தால் அடிக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்



நமது லயங்களில் நாய் இல்லாத வரிசையைக் காண்பது அரிது. இரவில் காவல் காக்கிறது. கொழுந்து மலைக்குப் போகும் அம்மாவின் பின்னால் போகிறது. பன்றியோ சிறுத்தையோ வந்தால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். இப்படி ஓடியாடித் திரிந்த நாய் திடீரென்று ஒருநாள் வாசலோடு படுத்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? "சோம்பேறி நாய், சோத்துக்கு மட்டும் எந்திரிக்கும்" என்று ஏசுகிறோம். சங்கிலியைப் பிடித்து இழுக்கிறோம். சில இடங்களில் தடியும் எடுக்கிறோம்.

நாய்க்கு வாய் இருந்தும் பேச்சு இல்லை. நோகுது, காய்ச்சல் அடிக்குது, பயமாயிருக்கு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நடக்காமல் நின்று காட்டுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. ஆகவே அது நடக்க மறுப்பதை நாம் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாமல், ஒரு சேதி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சேதியை எப்படி வாசிப்பது என்பதை இவ்விதழில் பார்ப்போம். சில வேளைகளில் அதில் நாயின் உயிர் மட்டுமல்ல, நமது பிள்ளைகளின் உயிரும் தங்கியிருக்கிறது.

முதலில் தள்ளி நின்று பாருங்கள்

நாய் எழும்பவில்லை என்றதும் ஓடிப்போய்க் காலைப் பிடித்துப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கொஞ்சம் தூரத்தில் நின்று பாருங்கள்.

விசர் நாய் என்றால் வாயில் நுரை தள்ளிக்கொண்டு, கண்டவரையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அது ஒரு வகை. இன்னொரு வகை அமைதியானது. அந்த நாய் ஓடாது, குரைக்காது. இருட்டு மூலையில், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கும். பின்னங்கால்கள் தள்ளாடும், பிறகு இழுபடும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், தண்ணீரை விழுங்க முடியாது. இதைப் பார்க்கிறவர்கள், "பாவம், தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல" என்று வாய்க்குள் கையை விட்டுப் பார்க்கிறார்கள். இதைப் போல ஆபத்து வேறில்லை. விசர் நோய்க் கிருமி இருப்பது அந்த எச்சிலில்தான். கடிக்க வேண்டுமென்றில்லை, கையில் உள்ள ஒரு சிறு கீறலில் எச்சில் பட்டாலே போதும்.

ஆகவே தாடை தொங்குவது, எச்சில் வடிவது, குரல் மாறுவது, விழுங்க முடியாமல் போவது, பின்னங்கால் தள்ளாடுவது, பழகிய நாய் வீட்டாரையே அடையாளம் தெரியாததுபோல் பார்ப்பது, இவற்றில் எதையும் கண்டால் கிட்டப் போகாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அடைத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ சேதி சொல்லுங்கள். யாருக்காவது கடி, கீறல், எச்சில் பட்டிருந்தால் அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். "அடுத்த சம்பளத்துக்குப் பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப் போடவும் வேண்டாம். நோயின் அறிகுறி மனிதனில் தொடங்கிவிட்டால் அதன் பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். அறிகுறிக்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம். லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், விசர் நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு இந்தத் தடுப்பு மருந்தை ஏற்றினார். பையன் பிழைத்தான். அன்றிலிருந்து இன்றுவரை வழி அதுதான்.

வருடா வருடம் தடுப்பூசி போட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் வீட்டில் இந்தப் பயம் மிகவும் குறைவு. அட்டை இல்லாத வீட்டில்தான் நாய் நடக்காத ஒவ்வொரு நாளும் நெஞ்சு பதற வேண்டியிருக்கிறது.

மூன்று கேள்விகள்

மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லை, நாய் நம்மைப் பார்த்து வாலாட்டுகிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் அடுத்ததைப் பார்க்கலாம். எப்போது நடக்கவில்லை? எங்கே நடக்கவில்லை? எந்தக் காலில் நோவு? இந்த மூன்றையும் மூன்று நாளைக்குக் கவனித்து, கலண்டரிலோ பிள்ளையின் பழைய கொப்பியிலோ எழுதி வையுங்கள்.

காலையில் எழும்பும்போது மட்டும் விறைத்து, கொஞ்சம் நடந்ததும் சரியாகிவிட்டால் மூட்டு வாதமாக இருக்கலாம். நன்றாக நடந்து, போகப் போகக் களைத்துப் படுத்தால் இதயத்தையோ இரத்தக் குறைவையோ யோசிக்க வேண்டும். முற்றத்தில் நடந்து, தார் ரோட்டில் மட்டும் நின்றால் பாதத்தில் காயமா, சூடா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு சந்தியில் மட்டும் நின்றால் அங்கே அதற்கு ஏதோ பயம்.

எந்தக் கால் என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. ஒருவர் நாயை மெதுவாக நடத்திக்கொண்டு வர, இன்னொருவர் முன்னால் நின்று பார்க்க வேண்டும். முன்னங்காலில் நோவு என்றால், நோகிற கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை கீழே போகும். பின்னங்காலில் நோவு என்றால், பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். நோகிற பக்கத்து இடுப்பு கூடுதலாக ஏறி இறங்கும்.

காலடியிலிருந்து தொடங்குங்கள்

தொட்டுப் பார்க்கும்போது எவ்வளவு நல்ல நாயும் நோவில் கடிக்கும். ஒரு துணிப்பட்டியால் வாயைத் தளர்வாகக் கட்டிவிட்டு, நல்ல காலை முதலில் தொடுங்கள். நோகிற காலைக் கடைசியாகத் தொடுங்கள். மூச்சு வாங்குகிற நாய்க்கும், வாந்தி எடுக்கிற நாய்க்கும் வாயைக் கட்டக்கூடாது.

பாதத்தின் மெத்தை, விரல் இடுக்கு, நகம், நகத்தின் அடி என்று ஒழுங்காகப் பார்த்து வாருங்கள். நமது மலைகளில் கவ்வாத்து வெட்டிய கட்டைகள் ஈட்டி போல நிற்கும். உடைந்த போத்தல், தகரம், முள்ளுக்கம்பி எல்லாம் கானில் கிடக்கும். மழைக் காலத்தில் விரல் இடுக்கில் அட்டை கடித்த புண் இருக்கும். களைக்கொல்லி அடித்த மலையில் நடந்த நாய்க்குப் பாதம் எரிந்து சிவக்கலாம். அதை நக்கினால் மருந்து வயிற்றுக்குள்ளும் போகும். ஆகவே அப்படி நடந்த நாயின் காலை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எந்நேரமும் கட்டிக் கிடக்கிற நாய்க்கு நகம் தேயாமல் வளர்ந்து, வளைந்து மெத்தைக்குள்ளேயே குத்தும்.

காலைச் சுற்றி வளையம் போல வீக்கமோ வெட்டோ இருந்தால் அது கண்ணிக் கம்பியின் வேலை. பன்றிக்கு என்று வைக்கிற கண்ணியில் நாயும் மாட்டுகிறது, சிறுத்தையும் மாட்டுகிறது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில், லக்சபான தோட்டத்தில் அபூர்வமான ஒரு கருஞ்சிறுத்தை இப்படிச் சிக்கி, சில நாளில் செத்துப்போனதைப் பலரும் அறிவீர்கள். கம்பி இறுகிய கால் வெளியில் சின்னக் காயமாகத் தெரிந்தாலும், உள்ளே இரத்தம் ஓடாமல் அழுகிவிடும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

கழுத்தையும் பார்க்க மறக்க வேண்டாம். குட்டியாக இருந்தபோது கட்டிய நைலோன் கயிறு, நாய் வளர வளரச் சதைக்குள் புதைந்துபோன சம்பவங்களை நாங்கள் லயங்களில் கண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட நாய் சங்கிலியைக் கண்டாலே படுத்துக்கொள்ளும். அதன் கால்களில் ஒரு குறையும் இருக்காது.

இணுவிலில் ஒரு நாய்

காரணத்தை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு நாங்கள் நேரில் கண்ட ஓர் உதாரணத்தைச் சொல்கிறோம். இது நமது மலைநாட்டில் நடந்ததல்ல. யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் வருகிற இணுவில் என்ற ஊரில், எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. செம்மண் பூமி. வீட்டைச் சுற்றி வேலி, பின்னால் புகையிலை, வெங்காயத் தோட்டம். அந்த வீட்டு நாய் நாலு வயது ஆண் நாய். தினமும் காலையில் பெரியவரோடு தோட்டத்துக்குப் போய் வரும். சித்திரை மாதத்தில் ஒருநாள் படலையடியில் போய்ப் படுத்துவிட்டது. கூப்பிட்டால் வாலை ஆட்டும், எழும்பாது.

"பஞ்சி பிடிச்ச நாய்" என்றார் பெரியவர். பஞ்சி என்றால் அந்தப் பக்கத்தில் சோம்பல். "இல்லையப்பா, வெயிலுக்குத்தான் போகுதில்லை" என்றாள் மகள். அதில் நியாயம் இருந்தது. சித்திரை வெயிலில் அங்கே தார் வீதி நெருப்பாய்க் கொதிக்கும். நாம் செருப்புப் போடுகிறோம், நாய்க்குச் செருப்பில்லை. நமது புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழெட்டு விநாடி தாங்க முடியாவிட்டால், நாயின் பாதமும் தாங்காது. ஆனால் இந்த நாய் விடியற்காலை ஐந்தரை மணிக்கும், வீதி குளிர்ந்து கிடக்கும்போதும் வரவில்லை. ஆகவே வெயில் காரணமல்ல.

"முள்ளுக் குத்தியிருக்கும், காலைப் பார் பிள்ளை" என்றார் பாட்டி. அந்த மண்ணில் நெருஞ்சி முள் உண்டு, பனை மட்டையின் கருக்கும் அரம் போல வெட்டும். நாலு காலையும் பார்த்தார்கள். முள் இல்லை, வெட்டு இல்லை. வயதும் காரணமாக இருக்க முடியாது, நாலு வயது நாய்க்கு இளமைதான்.

மகள் மூன்று நாள் கவனித்து எழுதி வைத்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. முதல் நாள் இடது முன்னங்காலைத் தூக்கியது. மறுநாள் அந்தக் கால் சரி, பின்னங்கால் நொண்டியது. மூன்றாம் நாள் வேறொரு கால். முள் குத்தினால் நோவு ஒரு காலில்தான் இருக்கும், இப்படிக் காலுக்குக் கால் மாறாது. நோவு மாறி மாறி வந்தால் உடம்பு முழுவதும் பரவிய ஏதோவொன்று மூட்டுக்களைத் தாக்குகிறது என்று அர்த்தம். உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தார்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு வெளிறிப்போய் இருந்தது. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணிகள், சில சின்னப் பயற்றங்கொட்டை அளவில் பருத்து இருந்தன.

அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். காய்ச்சல் இருந்தது. இரத்தம் எடுத்துப் பரிசோதித்து, உண்ணிக் காய்ச்சல் என்றார். நாலு கிழமைக்கு மருந்து. மூன்றாம் நாளே நாய் எழும்பி நடந்தது. "இனி என்னத்துக்கு மருந்து?" என்று பெரியவர் நிறுத்தப் பார்த்தார். மகள் விடவில்லை. பாதியில் நிறுத்தினால் கிருமி உள்ளே பதுங்கியிருந்து திரும்பவும் வரும் என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். முழுப் பலம் வந்து பழையபடி தோட்டத்துக்குப் போக இரண்டு மாதம் சென்றது.

உண்ணியை லேசாக நினைக்காதீர்கள்

உண்ணி இரத்தத்தை மட்டும் உறிஞ்சுவதில்லை. ஒரு நாயின் நோய்க் கிருமியை இன்னொரு நாய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. இலங்கையில் நாய்களுக்கு வருகிற உண்ணிக் காய்ச்சலில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பபீசியா, அது சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கிறது. மற்றது எர்லிக்கியா, அது வெள்ளை அணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆகவே பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்த மருந்தை நம் நாய்க்குக் கொடுத்துப் பயனில்லை.

நன்றாகக் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாயிலே காண்பது கொஞ்சம், வீட்டிலே இருப்பதுதான் அதிகம். சுவர் வெடிப்பு, கதவு இடுக்கு, நாய் படுக்கிற சாக்கு, விறகு அடுக்கு எல்லாம் அதற்கு இருப்பிடம். மாதக் கணக்கில் சாப்பாடு இல்லாமலும் உயிரோடு இருக்கும். லயத்தில் ஒரு காம்பராவில் மட்டும் துப்புரவு செய்தால் போதாது, வரிசை முழுவதும் சேர்ந்து ஒரே நாளில் செய்ய வேண்டும்.

உண்ணியைப் பிடுங்கும்போது சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். திருகாதீர்கள், நெருப்புக் குச்சியால் சுடாதீர்கள், விரலால் நசுக்காதீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் போட்டுக் கொல்லுங்கள். பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள்.

சாப்பாட்டால் வரும் நோவு

குட்டி நாய்க்கு வெறும் சோறும் குழம்பும், அல்லது ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் கொடுத்து வளர்த்தால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. மூன்று நாலு மாதத்தில் முன்னங்கால் வில்லாக வளையும், பாதம் தட்டையாகப் பரவும், தொட்டாலே கத்தும். சின்ன அடிக்கே எலும்பு முறியும். இறைச்சியை மட்டும் கொடுத்து வளர்த்தாலும் இதே கதிதான், இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து குறைவு. சோற்றோடு நெத்தலி, முட்டை, கொஞ்சம் பால் சேர்த்துக் கொடுங்கள். எவ்வளவு என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். சமைத்த கோழி எலும்பு வேண்டாம், அது கூராக உடைந்து குடலைக் குத்தும்.

குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பெட்டை நாய் கால் விறைத்து, நடுங்கி, மூச்சு வாங்கினால் அது இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியதன் அறிகுறி. மணிக்கணக்கில் செத்துப்போகும். குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நடக்க முடியாமல் உடம்பு நோவோடு கண்ணும் முரசும் மஞ்சளித்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அது நாயின் மூத்திரத்தால் மனிதருக்கும் தொற்றும். வெறுங்கையால் துப்புரவு செய்யாதீர்கள்.

பயமும் ஒரு காரணம்

உடம்பில் ஒரு குறையும் இல்லாமலும் நாய் நடக்க மறுக்கும். தீபாவளிக்குப் போட்ட வெடி, லொறி மோதப்போன திருப்பம், முன்பு ஒரு நாய் கடித்த படிக்கட்டு, இவற்றையெல்லாம் அது மறப்பதில்லை. இப்படிப்பட்ட நாயை இழுத்தால் பயம் கூடும். அதற்குப் பிடித்த ஒரு துண்டு ரொட்டியைக் காட்டி, நாளுக்கு நாலடியாகப் பழக்குங்கள். பயம் போக நாள் எடுக்கும். ஆனால் நோவு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகே "பயம்தான்" என்று முடிவு செய்ய வேண்டும்.

செய்யக் கூடாதவை

பனடோல், இன்னும் நாம் நோவுக்குப் போடும் புரூபன், டைக்குளோபினாக் போன்ற குளிசைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஈரலைக் கெடுக்கும், குடலில் இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். தைலம் பூசினால் நக்கித் தின்னும். மண்ணெண்ணெய், வாகனத்தின் கழிவு எண்ணெய் பூசுவது தோலை எரிக்கும். தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்தால் நாயைக் குளிப்பாட்டுவது உண்ணியோடு நாயையும் கொல்லும், கழுவுகிறவருக்கும் நஞ்சாகும். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாயிருந்தால் சுகம் என்பதும் சரியல்ல. நாய்க்குச் சாதாரணமாகவே உடம்புச் சூடு நம்மைவிடக் கூட, 101 முதல் 102.5 பாகை பரனைட் வரை இருக்கும். அதனால் கையால் தொட்டுக் காய்ச்சலைச் சொல்ல முடியாது.

வைத்தியரிடம் போகும்போது

பின்னங்கால் இரண்டும் திடீரென்று விழுந்துவிட்டால், எலும்பு முறிந்திருந்தால், முரசு வெள்ளையாக இருந்தால், ஒருநாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். லொறியில் அடிபட்ட நாயைக் காலைப் பிடித்துத் தூக்காமல், பலகையிலோ சாக்கிலோ கிடத்திக் கொண்டுபோங்கள். உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்தியர் பணிமனைக்கு முதலில் போங்கள். கண்டிப் பக்கத்தில் உள்ளவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையும் இருக்கிறது.

வைத்தியரிடம் "நாய்க்குச் சுகமில்லை" என்று மட்டும் சொன்னால் அவருக்கு அது போதாது. என்றைக்குத் தொடங்கியது, எந்தக் கால், காலையிலா மாலையிலா, என்ன சாப்பிட்டது, மலையில் என்ன மருந்து அடித்தார்கள், உண்ணி இருந்ததா, தடுப்பூசி எப்போது போட்டது என்று நீங்கள் எழுதி வைத்த துண்டைக் கொடுங்கள். இணுவில் வீட்டு மகளின் மூன்று நாள் குறிப்பு வைத்தியருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளுக்கும் இந்தக் குறிப்பை எழுத முடியும். நாயைத் தொடாமல், தள்ளி நின்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறதா? இல்லாவிட்டால், அடுத்த தடுப்பூசி முகாம் என்றைக்கு என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இந்த வாரமே கேட்டு வையுங்கள். நாய் நல்லபடியாக ஓடித் திரிகிற நாளிலேயே அதைக் கொண்டுபோய் ஊசி போட்டுவிட வேண்டும்.